கர்சர் போய்வந்த இடம்

ஓசூரில் பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறையில் இரண்டு மேசை போட்டு நான் நடத்துவதைக் கடை என்றுதான் சொல்ல வேண்டும். கம்பெனி என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். புதுப் புது மென்பொருளையெல்லாம் பெங்களூருக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். படம், பொத்தான் எதுவும் இல்லாமல் கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்தாக ஓடுகிற கன்சோல் புரோகிராம்கள் இன்னும் இங்கே சின்னத் தொழிற்சாலைகளில் பில் போட்டுக்கொண்டிருக்கின்றன. எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவற்றுக்குக் காய்ச்சல் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒரு கோடைக்காலத்தில் ஜூஜுவாடிப் பக்கம் இருக்கிற ஒரு தொழிற்சாலையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்கிற இடம் அது.

“மேடம், நம்ம டிஸ்பேட்ச் புரோகிராம்ல ஒரு பூட்டு போடணும். தப்பா அடிச்சா உள்ளயே போகக் கூடாது.”

“எது தப்புன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?”

“அதுக்குத்தான உங்கள கூப்பிடறோம்.”

எனக்கு முன்கோபம் அதிகம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மாங்காய் லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் போய்ச் சேர்வதற்குள் பாதிக் கோபம் புகையோடு போய்விட்டது.

மேலாளர் தன் அறையில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். சில மாதங்களாகவே பில்லில் ஒரு எண்ணிக்கையும் வண்டியில் வேறு எண்ணிக்கையுமாகப் போகிறது. வாஷர் எண்ணிக்கையில் லட்சமெல்லாம் சாதாரணம் என்பதால் பில்லைப் பார்த்ததும் யாருக்கும் உறைப்பதில்லை. கடைசியாகப் போன லாரியைக் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிச் சோதனைக்கு நிறுத்தி, கணக்கு ஒத்துவரவில்லை என்று பகல் முழுக்க ஓரங்கட்டி வைத்துவிட்டார்கள். சரக்கு வாங்குகிறவர்கள் போனில் கத்தியிருக்கிறார்கள். தவறான பில் எல்லாமே பிற்பகல் ஷிப்டில் ஒரே ஆள் போட்டவை.

“காலைல வர்ற பொண்ணும் அதே கம்ப்யூட்டர்லதான் அடிக்குது. ஒரு தப்பு வராது. இவங்களக் கேட்டா, ‘நான் சரியாத்தான் சார் அடிச்சேன், கண்ணால பாத்துத்தான் அடிச்சேன்’னு சொல்றாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான் மேடம். ரொம்ப நாளா இருக்கறவங்க, எனக்கும் மனசு வரல. மெஷின்ல கோளாறு இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, பேக்கிங்குக்கு மாத்திடுவேன்.”

பேக்கிங் என்றால் ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்ட மனிதராகத் தெரியவில்லை, மேலே இருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டிய நிலையில் இருந்தார்.

சரக்கு அனுப்புகிற டிஸ்பேட்ச் ஜன்னலுக்குப் பின்னால், பிற்பகல் ஷிப்டு பார்க்கிற அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. வெளியே ஒரு டிரைவர் கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். “ஸ்வல்ப இரி அண்ணா” என்று அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வலது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாக அடித்தார். ஓர் எண்ணை அடித்ததும் திரையைப் பார்ப்பார், உதடு அசைய அதைப் படிப்பார், பிறகு அடுத்த எண். இத்தனை கவனமாக யாரும் பில் போட்டு நான் பார்த்ததில்லை. இவரா தப்பு செய்கிறார் என்றுதான் தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றுவதற்கெல்லாம் யாரும் கூலி கொடுப்பதில்லை.

அன்று நானே உட்கார்ந்து கை வலிக்கிறவரை விதவிதமாக எண்களை அடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே வந்தன. புரோகிராமை மடிக்கணினியில் நகல் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து அங்கேயும் அடித்தேன். ஒரு பிழையும் இல்லை. எழுதியவர் அழகாக ஒன்றும் எழுதிவிடவில்லை. இருந்தாலும் அடிப்பதை வாங்கி, வைத்துக்கொண்டு, அச்சடிக்கிற பகுதி பழுதில்லாமல்தான் இருந்தது. மெஷினில் கோளாறு இல்லை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று சில நாள் கழித்து மறுபடி போனேன்.

மேலாளர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். டிஸ்பேட்ச் அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். டீ நேரம். வண்டி எதுவும் இல்லை. அக்கா தன் டம்ளரோடு எனக்கும் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

“பாப்பா, மெஷின் நல்லா இருக்குதுன்னே சார்கிட்ட சொல்லிடு. நீ ஒண்ணும் சங்கடப்படாத.”

“ஏங்க்கா அப்படிச் சொல்றீங்க?”

“தப்பு எங்கிட்டதான். எனக்கே தெரியுது.”

அவர் சொல்லச் சொல்ல டீ ஆறிப்போனது. முதலில் கண் என்று நினைத்திருக்கிறார். கிருஷ்ணகிரிக்குப் போய் டாக்டரிடம் காட்டியதில் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நல்ல செய்திதான் அவரை ஒடித்துவிட்டது. கண் நன்றாக இருக்கிறதென்றால் கெட்டது தலைதானே.

“எங்கம்மாளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது பாப்பா. ஒண்ணு பாத்தேன்னு சொல்லும், அங்க அது இருக்காது. போகப் போகப் பெத்த புள்ளயவே யாருன்னு கேட்டுச்சு. நானும் திரையில பாக்கறேன், ஆயிரத்தி நானூத்தம்பதுன்னு இருக்குது. எண்டர் அடிக்கறேன். தாள்ல வேற என்னமோ வருது. அப்ப நான் பாத்தது என்னாது?”

அவரே மேலே சொன்னார். மகளுக்கு முதல் பிரசவம். வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய மாதம் வந்துவிட்டது. இவர் சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து, லீவு கிடைக்காது, பிரசவம் அங்கேயே ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறார். முதல் பிரசவத்தைத் தாய்வீடு மறுப்பது எங்கள் பக்கத்தில் என்ன மாதிரிப் பேச்சுக்கு இடம் கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் மகள் என்ன பேச்சுக் கேட்டாளோ, இவருடன் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

“பச்சப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தறது நானு. வெந்நியா பச்சத் தண்ணியான்னு எனக்கு மாறிப்போச்சுன்னா? அவகிட்ட காரணம் சொன்னா வயித்துப் புள்ளையோட அழுவா. அதுக்கு அவ என்னத் திட்டட்டும், பரவால்ல.”

வீட்டுக்காரரிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. இரண்டே இரண்டு நாள் பார்த்த என்னிடம் சொன்னதற்குக் காரணம், நான் போய்விடுகிற ஆள் என்பதாக இருக்கலாம். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

“அக்கா, என் கண்ணு முன்னாடி நீங்க அடிங்க. நான் இதுவரைக்கும் நான் அடிச்சதத்தான் பாத்தேன்.”

மாட்டேன் என்றார். நான் விடவில்லை. பழைய பில் ஒன்றை எடுத்துவைத்து, மடிக்கணினியில் அதே புரோகிராமைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்காலியை அவர் தோளை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 1450. சரியாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி. சரி. அவர் விரலுக்கு என்ன அவசரம், ஆற அமர அடித்தார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கொட்டாவியே வந்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. ஒன்று அடித்தார், நான்கு அடித்தார். ஐந்தை அடித்தபோது அந்த ஐந்து நான்குக்கு அடுத்து உட்காராமல் ஒன்றின் தலைமேல் போய் விழுந்தது. அடுத்து வந்த பூஜ்யம் நான்கை விழுங்கியது. திரையில் 50 என்று மட்டும் நின்றது.

அக்காவின் கை விசைப்பலகைமேலேயே நின்றுவிட்டது. “இதா, இதான். நாலு எழுத்து அடிச்சனா, இல்ல ரெண்டுதான் அடிச்சனா, இப்ப எனக்கே தெரியல.”

“நாலுதாங்க்கா அடிச்சீங்க. நானும் பாத்தேன்.”

“நீ பாத்தியா?”

“என் ரெண்டு கண்ணால பாத்தேன். அஞ்சு போய் ஒண்ணு மேல விழுந்துச்சு.”

அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். “நெசமாவா?” என்று கேட்ட அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அத்தனை மாதத்தில் அவர் கண்டதை இன்னொரு ஆளும் கண்டது அதுதான் முதல் தடவை.

எப்போதும் போலவே செய்யுங்கள் என்றேன். முதல் இரண்டு எண்ணை அடிக்க மறந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு எப்போதும் செய்வது போலவே, பேக்ஸ்பேஸ் விசையை இரண்டு முறை தட்டி அந்த 50ஐ அழித்தார். மறுபடி 1450 என்று முழுதாக அடித்தார். திரையில் அப்பழுக்கில்லாமல் 1450 இருந்தது. எண்டர். அச்சு இயந்திரம் கரகரவென்று தாளைத் தள்ளியது. தாளில் 141450 என்று இருந்தது.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. திரையில் தெரிவது ஒன்று, புரோகிராம் தன் மனதில் வைத்திருப்பது வேறொன்று. அது ஆரம்பத்திலேயே நான்கு எண்ணையும் சரியாகத்தான் வாங்கிவைத்திருந்தது. திரைதான் இரண்டைக் காட்டியது. அதை நம்பி இவர் இரண்டை அழித்ததும், உள்ளே 14 மிச்சம் நின்றது. அதன்பின் வந்த 1450 அதன் வாலில் ஒட்டிக்கொண்டது. காலை ஷிப்டுப் பெண் கையெழுத்துத் தாளைப் பார்த்து மடமடவென்று அடித்து எண்டர் தட்டுகிறவள், திரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதனால் அவள் பில் பிசகுவதில்லை. பார்த்துப் பார்த்து அடிக்கிறவர் மாட்டிக்கொண்டார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

சரி, அந்த ஐந்து ஏன் பின்னால் போய் விழுந்தது? அடுத்த எழுத்து எங்கே விழும் என்று காட்ட மினுக்மினுக்கென்று ஒரு கோடு நிற்குமே, கர்சர், அது யாரோ பிடித்து இழுத்த மாதிரி கட்டத்தின் தொடக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். யார் இழுத்தது? அக்காவின் திரையில் வேறு எதுவும் அசையவில்லை. மறுபடி அடிக்கச் சொன்னேன். மறுபடி ஓர் எண் தாவியது. அந்தக் கணத்தில் என் ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது, ஆனால் அது என் மடிக்கணினியில். அதில் திறந்திருந்த அதே புரோகிராமின் வலது மேல் மூலையில் சின்னதாக இருந்த கடிகாரத்தில் நிமிஷம் மாறியிருந்தது.

“அக்கா, உங்க திரையில மணி எங்க?”

“மணியா? இதுல ஏது மணி?”

அவர் திரையின் வலது மேல் மூலையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கெட்டியாக அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். தொழிற்சாலை முழுக்க லேத்து, டிரில், எடை மெஷின் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பூஜையன்று வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை, அதுவாக உதிர வேண்டும். இவர் வைத்த பொட்டு சாமிக்கே போதும் என்கிற அளவு பெரியது. துடையுங்கள் என்றதும் தயங்கினார்.

“பூசைப் பொட்டு பாப்பா...”

“சாமி ஒண்ணும் கோச்சுக்காது. நான் வேணா கேட்டுக்கறேன்.”

டம்ளர் தண்ணீரில் முந்தானையை நனைத்தார். பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேய்த்துத் துடைத்தார். சந்தனக் கறைக்கு அடியிலிருந்து கடிகாரம் வந்தது. அதன் நிமிஷம் மாறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாறுகிற நேரம் பார்த்து அவரை அடிக்கச் சொன்னேன். கடிகாரம் மாறியது, எண் தாவியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

கன்சோலில் ஒரு திரைக்கு ஒரே ஒரு கர்சர்தான். மூலையில் மணியை எழுத வேண்டும் என்றாலும் அதே கர்சர்தான் அங்கே போய் எழுதிவிட்டுத் திரும்பிவர வேண்டும். கிளம்புமுன், நீ இப்போது எத்தனையாவது வரியில், எத்தனையாவது எழுத்தில் நிற்கிறாய் என்று கேட்டால் இரண்டு எண் சொல்லும். அதைக் குறித்துவைத்துக்கொண்டு போனால் பழைய இடத்துக்கே திரும்பலாம். கடிகாரத்தைச் செருகியவர் அதைக் கேட்கவே இல்லை. கட்டம் எங்கே தொடங்கியது என்பதை மட்டும் ஞாபகம் வைத்து, எப்போது திரும்பினாலும் கர்சரை அங்கேயே கொண்டுபோய் விட்டிருந்தார். மடமடவென்று அடிக்கிறவர்களின் விரலுக்கு நடுவில் நிமிஷம் மாறுவது அபூர்வம். ஆற அமர அடிக்கிற இவரை அது வருகிற போகிற போதெல்லாம் பிடித்திருக்கிறது. ஒரு கேள்வி கேட்கச் சோம்பல்பட்ட அந்த முகம் தெரியாத ஆள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ!

மேலாளர் கூட்டம் முடிந்து வந்தார். உட்காரவைத்து ஒற்றை விரலால் அடிக்கச் சொன்னேன். மணி மாறியது, எண் தாவியது. மறுபடி ஒரு தடவை அடித்துப் பார்த்தார். 141450 என்று அச்சான தாளை எடுத்துப் பார்த்தார்.

“சார், கூடம் நெசமாவே கோணல்” என்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

அவர் சிரிக்கவில்லை. “பூஜைக்கு அப்புறம் இந்த மணியப் போடச் சொன்னதே நான்தான் மேடம். லாரி கெளம்பற டைம் தெரியணும்னு” என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “தப்பா நெனச்சுட்டேம்மா. மேல நானே போய்ச் சொல்றேன். நீங்க இங்கதான் இருப்பீங்க” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. சொல்லாமல் நழுவுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தேன். போகுமுன் கர்சரின் இடத்தைக் கேட்டுக்கொள்ளும்படி ஒரு வரியைச் சேர்த்தேன். அதுவும் ஒரேயடியாகத் தீரவில்லை. கர்சர் மூலைக்குப் போயிருக்கிற கண்ணிமைப்பில் விசையைத் தட்டினால் அந்த எண் கடிகாரத்துக்குள் போய் விழுந்தது. கர்சர் திரும்பி வரும்வரை அடித்த எண் வாசலில் காத்திருக்கும்படி இன்னும் சில வரிகள் எழுதினேன். அக்கா என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். முடிந்ததும் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் காத்திருந்து அடித்துப் பார்த்தார். கடிகாரம் மாறியது. எண்கள் நகரவில்லை. நான் போதும் என்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை.

“அப்ப நான் பாத்ததெல்லாம்?” என்றார்.

“எல்லாமே அப்படியே நடந்ததுதாங்க்கா. ஒவ்வொரு தடவையும் நீங்க சரியாத்தான் பாத்தீங்க. உங்க தலையில ஒரு கோளாறும் இல்ல.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலோரம் போய்ப் போனை எடுத்தார். மகள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. வாசலில் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் கிளம்பியிருக்க வேண்டும், ஆனால் பையோடு அங்கேயே நின்றேன். டிரைவரைப் பார்த்து இருக்கும்படி கையைக் காட்டிவிட்டு அவர் மூன்றாவது தடவையாகப் போட்டார். இந்த முறை எடுத்தாள்.

“கண்ணு, அம்மா பேசறேன். வெச்சுடாத. நான் சொல்றத மட்டும் கேளு. ஞாயித்துக்கிழம உன்னக் கூட்டிக்கினு வர நான் வர்றேன்.”

அந்தப் பக்கத்தில் மகள் பேசினாள். நெடுநேரம் பேசினாள். திட்டுகிறாள் என்பது இங்கே நின்றிருந்த எனக்கே கேட்டது. அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. மகள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் சொன்னார்:

“திட்டு கண்ணு, இன்னும் திட்டு. புள்ளைக்கு நானே தண்ணி ஊத்தறேன்.”